பல் கடிப்பும் தாடை நோவும்: குத்தூசி எம்மட்டும் துணை செய்யும்?

இரவில் வீடு அடங்கிய பின் எழும் ஓசைகளுள் ஒன்று, எழுப்புகின்றவர் காதில் மட்டும் விழுவதில்லை. பல்லோடு பல் உராயும் நறநறவென்ற ஓசை அது. பக்கத்தில் படுத்திருப்போர் திடுக்கிட்டு விழிக்கின்றனர், கடிப்பவரோ காலையில் எழுந்து, "தாடை ஏனோ கனக்கிறது, நெற்றிப்பொட்டு தெறிக்கிறது" என்று சொல்லிக்கொண்டே காப்பிக்குக் கை நீட்டுகிறார். ஓசைக்கும் நோவுக்கும் உள்ள உறவை அவர் அறிவதில்லை.

பெங்களூரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இத்தொல்லை அருகியதன்று. பீனியாவில் இரவு முறை முடித்துத் திரும்பும் தொழிலாளர், ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் குனிந்து தைக்கும் பெண்டிர், அயல்நாட்டு நேரத்துக்கு ஏற்ப விழித்திருந்து கணினி முன் உழைக்கும் இளைஞர், நெரிசலில் வண்டியோட்டி அலுத்துப்போகும் ஓட்டுநர் என இவர்களில் பலர் தாடையைப் பிடித்துக்கொண்டு வருகின்றனர். அவர்களுக்கு அக்கம்பக்கத்தார் இந்நாளில் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, "குத்தூசி வைத்துக்கொள்ளுங்கள், தீர்ந்துவிடும்" என்பது. அக்குபங்சர் என்னும் சீன நாட்டுக் குத்தூசி மருத்துவத்தைத்தான் அவ்வாறு குறிக்கின்றனர். பத்து முறை வரவேண்டும் என்று சொல்லி முழுத் தொகையையும் முன்னரே கேட்கும் இடங்களும் உண்டு. கட்டலாமா, கூடாதா என்பது குடும்பத் தலைவியின் கவலை. இத்திங்கள் அதற்கே விடை காண்போம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறேன். குத்தூசி தாடை நோவைப் பலருக்குத் தணிக்கும். ஆனால் பல் தேய்வதை அது தடுக்காது. கடிப்பதற்கான காரணத்தையும் களையாது. ஆதலின் அதைத் துணைவனாக ஏற்கலாம், தலைவனாக ஏற்றலாகாது. இனி விளக்கத்துக்கு வருவோம்.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

நம் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதற்காக அமைந்தவை அல்ல. உண்ணும்போதும் விழுங்கும்போதும் அவை தொட்டு விலகும் நேரத்தைக் கூட்டினால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 நிமிடமே தேறும் என்பது பல் மருத்துவ நூல்கள் கூறும் கணக்கு. எஞ்சிய நேரமெல்லாம் உதடு மூடியிருக்கப் பற்கள் சற்றே விலகியிருத்தல் வேண்டும். அதுவே தாடைக்கு ஓய்வு.

உறக்கம் ஒரே சீராக ஓடும் ஆறு அன்று. இடையிடையே மூளை ஒரு சில கணம் விழிப்பை நோக்கி எழுந்து மீண்டும் அமிழ்கிறது. அவ்வேளையில் நாடி சற்று விரைகிறது. அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் தாளமிட்டாற்போல் இறுகித் தளர்கின்றன. இந்நிகழ்ச்சி பலரிடத்தும் சிறிது உண்டு. சிலரிடம் அது மிகுந்து, பல்லும் பல்லும் உராயும் அளவுக்கு வலுக்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இவ்வழக்கம் உண்டு என்று மதிப்பிடுகின்றனர். மனக்கவலை, மாலைக்குப் பின் அருந்தும் காப்பி, புகை, மது ஆகியவை இதை மிகுவிக்கின்றன. மனச்சோர்வுக்கு உண்ணும் மாத்திரைகளில் சிலவும் பல் கடிப்பை உண்டாக்குவதுண்டு. அவ்வாறு ஐயம் எழுந்தால் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடாமல், கொடுத்த மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் உள்ளவரிடத்தும் பல் கடிப்புக் காணப்படுகிறது. அவர் முதலில் கவனிக்க வேண்டியது தாடையை அன்று, மூச்சை.

பகற்கடிப்பு வேறு வகை. அதில் ஓசை இராது. கணினித் திரையை உற்று நோக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், சினத்தை அடக்கும்போதும் பற்களை இறுகக் கடித்துக்கொண்டிருப்போம். கடிக்கிறோம் என்பதே தெரியாது. "பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன்" என்று நம் பெண்டிர் சொல்வது பல வேளைகளில் வெறும் சொல்லன்று, உடலில் நிகழ்வதே ஆகும்.

சிறுவர் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று சொல்லி மருந்து கொடுப்பது நம் வழக்கம். பூச்சிக்கும் பல் கடிப்புக்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. சிறுவர் பலரிடம் இவ்வழக்கம் வளர வளரத் தானே நீங்கிவிடுகிறது. பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால் போதும். சிறுவருக்கு ஊசி வேண்டா.

சீனத்திலிருந்து கல்கத்தாவுக்கு

குத்தூசி மருத்துவம் நம் நாட்டுக்கு வந்த கதை அறியத்தக்கது. 1938இல் சப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு இந்தியத் தேசியக் காங்கிரசு ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அடல், சோல்கர், கோட்னிசு, பாசு, முகர்சி என்போர் அவ்வைவர். சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிசு போர்க்களத்து மருத்துவமனைகளில் ஓயாது உழைத்து 1942 திசம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். தாயகம் திரும்பிய பிசய்குமார் பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று குத்தூசி முறையைக் கற்றுவந்து, கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். மேலைநாட்டு மருத்துவம் பயின்ற ஒருவர் வழியாகவே இக்கலை இங்கு வேரூன்றியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கோட்னிசின் பெயரால் அமைந்த நினைவுக் குழுவினர் வங்கத்தில் ஏழை எளியவர்க்குக் குத்தூசி நிலையங்களை நடத்தினர். மேற்கு வங்க அரசு 1996இல் இம்முறைக்கெனச் சட்டம் இயற்றியது. நடுவண் அரசு 2019இல் இதைத் தனித்ததொரு சிகிச்சை முறையாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

இலங்கையில், கொழும்பை அடுத்த கலுபோவில மருத்துவமனையில் டாக்டர் ஆன்டன் சயசூரியா 1970களில் நடத்திய குத்தூசிப் பயிற்சி, அயல்நாட்டு மருத்துவர் பலரையும் ஈர்த்தது. தமிழ்நாட்டில் சென்னை அரும்பாக்கத்து அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் குத்தூசியும் ஒரு சிகிச்சையாக அளிக்கப்படுகிறது. கருநாடகத்திலும் இயற்கை மருத்துவம், யோகப் பட்டப்படிப்பாகிய பி.என்.ஒய்.எஸ். பயில்வோர் குத்தூசியைப் பாடமாகக் கற்கின்றனர். ஒரு வார வகுப்பில் கற்றுக்கொண்டு வாயிலில் பலகை மாட்டுவோரும் உளர். இரு திறத்தாரையும் பிரித்தறிதல் நம் கடமை.

ஊசி என்ன செய்கிறது?

ஊசி என்றதும் மருந்து ஏற்றும் ஊசியை எண்ணி அஞ்ச வேண்டா. இதில் துளையில்லை, மருந்தும் இல்லை. மயிரிழையினும் சற்றே தடித்த எஃகுக் கம்பி அது. தாடை நோவுக்குப் பெரும்பாலும் நான்கைந்து இடங்களைத் தேர்கின்றனர். பல்லைக் கடிக்கும்போது கன்னத்தின் பின்புறம் புடைத்தெழும் தசைமேடு ஒன்று. காதுக்கு முன்னே கன்ன எலும்பின் கீழுள்ள குழிவு மற்றொன்று. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புறங்கைச் சதை இன்னொன்று. காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலும், இரு புருவங்களுக்கிடையிலும் வைப்பதும் உண்டு. ஊசிகளை 20 முதல் 30 நிமிடம் வரை வைத்து எடுப்பர். வைத்த இடத்தில் கனம், குறுகுறுப்பு, மந்தமான கடுப்பு ஆகியவை தோன்றும். கூரிய வலி தோன்றினால் உடனே சொல்லுதல் வேண்டும்.

சீனர் இதை உயிராற்றல் ஓடும் தடங்களைக் கொண்டு விளக்கினர். இக்கால ஆய்வாளர் நரம்பைக் கொண்டு விளக்க முயல்கின்றனர். தாடைத் தசையில் நாட்பட்ட இறுக்கத்தால் முடிச்சுப் போன்ற நோவிடங்கள் உண்டாகின்றன. ஊசி பட்டதும் அவை துடித்துத் தளர்வதைக் காணலாம். மற்றொன்று, மூளை தானே சுரக்கும் வலியடக்கிப் பொருள்கள். 1977இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், பல்லில் மின் தூண்டலால் வலி எழுப்பி, கையில் ஊசி வைத்துச் சோதித்தனர். ஊசி வைத்தபின் பல் வலியைத் தாங்கும் ஆற்றல் கூடியது. அபினி வகை மருந்துகளின் வினையை முறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் அவ்வாற்றல் குன்றியது. கையில் வைத்த ஊசி பல்லுக்கு எட்டுவது எவ்வாறு என்பதற்கு இது ஒரு விடையாகத் தோன்றிற்று. ஆயினும் பின்னர் வேறு சிலர் சோதித்தபோது அதே முடிவு கிட்டவில்லை. ஆதலின் முழு விளக்கம் இன்னும் கைவரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பயன் எவ்வளவு? 1997இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, பல் அறுவைக்குப் பின் வரும் வலிக்குக் குத்தூசி பயன்படுகிறது என்று கூறியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2002இல் வெளியிட்ட தொகுப்பு, தாடை மூட்டுக் கோளாற்றின் நோவையும் பயன் காணும் பட்டியலில் சேர்த்தது. அத்தொகுப்பு எளிதில் நம்பிவிட்டது என்று குறை கூறியோரும் உண்டு. அதன் பின் நிகழ்ந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், தாடைத் தசை நோவு சில வாரங்களுக்கேனும் தணிகிறது என்று தெரிகிறது. ஆனால் உரிய இடத்தில் வைக்கும் ஊசிக்கும், வைப்பதுபோல் பாவனை செய்யும் போலி ஊசிக்கும் இடையே உள்ள வேறுபாடு பல சோதனைகளில் பெரிதாக இல்லை. அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் நம் நோவைக் கேட்டுக் கவனிப்பதும், குணமாகும் என்ற நம்பிக்கையும் அப்பயனில் பங்கு பெறுகின்றன போலும். இரவில் பல் கடிப்பதையே குத்தூசி நிறுத்துகிறது என்பதற்கோ சான்று மிகக் குறைவு.

இதனால் விளையும் ஆபத்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோவு தணிந்ததும் நோயே தீர்ந்தது என்று எண்ணிப் பல் மருத்துவரை மறந்துவிடுகின்றனர். இரவில் உராய்வு நடந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுகள் சில கழிந்தபின், பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் தேய்ந்து, குளிர்நீர் பட்டாலே கூசுகிறது, பல் வெடிக்கிறது, அடைத்த இடம் பெயர்கிறது. எனாமல் ஒருமுறை போனால் மீண்டும் வளராது. வலி காவற்காரன் போன்றது. காவற்காரனை உறங்கவைத்துவிட்டுக் கதவையும் திறந்து போட்டால் பொருள் எஞ்சுமா?

செல்லும் வழியின் வரிசை

ஆகவே முதலிற் செல்ல வேண்டிய இடம் பல் மருத்துவரிடம். பெங்களூரில் கோட்டைப் பகுதியில், விக்டோரியா மருத்துவமனையை அடுத்து, 1958இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியாரிடம் செலவிட இயலாத குடும்பத்தினர் அங்குச் செல்லலாம். அங்குத் தயங்காமல் பேசுவதற்குக் கன்னடத்தில் இரண்டு தொடர்கள் போதும்: "தவடெ நோவு இதெ", "நித்தெயல்லி ஹல்லு கடியுத்தேனெ". முதலாவது தாடை வலிக்கிறது என்பது. இரண்டாவது உறக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்பது. நம் ஊர்களில் வழங்கும் தவடை என்னும் சொல்லே அவர்களிடம் தவடெ. நம் நோவே அவர்கள் நோவு. நம் பல்லே அவர்கள் ஹல்லு. அயல்மொழி என்று அஞ்ச இதில் ஒன்றுமில்லை.

பல் மருத்துவர் தேய்வை அளந்து பார்ப்பார்; சொத்தைப் பல்லோ முளைக்கும் கடைவாய்ப் பல்லோ நோவுக்குக் காரணமா என்று தெளிவார். வேண்டுமாயின் உறங்கும்போது அணியும் பல்லுறை ஒன்றை அச்செடுத்துச் செய்து தருவார். அவ்வுறை கடிப்பதை நிறுத்தாது. ஆனால் தேய்வதைப் பல்லுக்குப் பதிலாகத் தான் ஏற்றுக்கொள்ளும். இதற்குப் பின்னும் தசை நோவு நீங்காதவர் குத்தூசியை நாடலாம். அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

முதலாவது, செய்பவரின் பட்டத்தையும் பயிற்சியையும் கேளுங்கள். கேட்பது அவமதிப்பு அன்று. முறையாகக் கற்றவர் மகிழ்ந்தே சொல்வார்.

இரண்டாவது, ஊசி புதியதாக, உறையிட்டதாக, உங்கள் கண்முன் பிரிக்கப்படுவதாக இருத்தல் வேண்டும். ஒருமுறை வைத்தபின் எறிந்துவிடப்பட வேண்டும். பிறருக்கு வைத்த ஊசியால் ஈரல் அழற்சியும் எய்ட்ஸ் நச்சுயிரும் தொற்றக்கூடும்.

மூன்றாவது, கருவுற்றிருப்பவர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர், இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பெற்றவர் ஆகியோர் அதை முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். கட்டைவிரலிடுக்கில் கருவுற்றோர்க்கு ஊசி வைப்பதில்லை என்பது அம்முறையாரின் மரபு. துடிப்புக் கருவி உள்ளவர்க்கு ஊசியில் மின்னோட்டம் செலுத்தலாகாது.

நான்காவது, வெறும் வயிற்றோடு செல்லாதீர்கள்; முதல்முறை படுத்தே வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மயக்கம் வருவதுண்டு.

ஐந்தாவது, முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். வாரம் ஒருமுறையோ இருமுறையோ சென்று, நான்கு முதல் ஆறு அமர்வுக்குள் நோவு குறைகிறதா என்று குறித்துவையுங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது, எத்தனை நாள் வலிமாத்திரை உண்ண நேர்ந்தது என்பவை நல்ல அளவுகோல்கள். குறையவில்லையெனில் நிறுத்திவிடுங்கள். "இன்னும் பத்து" என்று நீட்டுவோருக்கு வணக்கம் கூறி விடைபெறுங்கள்.

ஆறாவது, "மற்ற மருந்துகளை எல்லாம் விட்டால்தான் இது பலிக்கும்" என்று யாரேனும் கூறினால் அவ்விடத்தை விட்டு அகலுங்கள். நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் உண்ணும் மருந்தை ஊசிக்காக நிறுத்துதல் உயிரோடு விளையாடுவதாகும்.

ஊசிக்குச் செல்லலாகாத தாடை நோவு

எல்லாத் தாடை நோவும் பல் கடிப்பால் வருவதன்று. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில், சிறப்பாக இடப்பக்கம், இறுக்கம் தோன்றி, வியர்வையும் மூச்சுத்திணறலும் மார்புக் கனமும் சேருமாயின் அது இதயத்தின் கூக்குரலாக இருக்கலாம். பெண்களிடத்தும் நீரிழிவுள்ளோரிடத்தும் மார்பு வலி இல்லாமலே இவ்வாறு வருவதுண்டு. அவ்வேளையில் ஒரு கணமும் தாழ்க்காமல் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஐம்பதைக் கடந்தவர்க்கு மெல்லும்போது தாடை நோவும், புதிய தலைவலியும், பார்வை மங்கலும் ஒருங்கே வந்தால், குருதிக்குழாய் அழற்சியால் கண்ணொளி போகக்கூடும். அன்றே மருத்துவரைக் காண வேண்டும். காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் சீழ் உண்டாகியிருக்கலாம். அடிபட்ட புண்ணுக்குப் பின் வாய் பூட்டிக்கொண்டால் இரணசன்னியோ என்று ஐயுற வேண்டும்.

வெற்றிலை பாக்கும் குட்காவும் மெல்லும் நம்மவர்க்குத் தனியே ஒரு சொல். வாய் நாளுக்கு நாள் குறைவாகத் திறக்கிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடிக்கிறது என்றால் அது தாடைத் தசையின் இறுக்கம் அன்று. பாக்கினால் உட்கன்னம் நாராகி இறுகும் நோய் அது. புற்றுநோயாக மாறவும் வல்லது. அதற்குக் குத்தூசி வைத்துக் காலத்தை வீணாக்குவது பெருங்கேடு. பல் மருத்துவக் கல்லூரியிலோ, கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையிலோ காட்டிக்கொள்ள வேண்டும். பாக்கை அன்றே விட வேண்டும்.

செலவில்லா மருத்துவம்

நிறைவாக, ஒரு காசும் செலவின்றி ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை. "ன்" என்று மெல்ல ஒலித்துப் பாருங்கள். நாவின் நுனி மேற்பல்லின் பின்னே அண்ணத்தைத் தொடுகிறது; பற்கள் விலகி நிற்கின்றன. அந்நிலையிலேயே உதட்டை மூடிக்கொள்ளுங்கள். அதுவே தாடையின் ஓய்வுநிலை. பகலில் பலமுறை இதை நினைவூட்டிக்கொள்ள ஓர் அடையாளம் வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் நம் ஊரார்க்கு அதற்கு நேரம் குறைவில்லை. சிவப்பு விளக்கைக் காணுந்தோறும் "உதடு சேர்க, பல் விலகுக" என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம் கன்னத்தில் ஒற்றடம் கொடுங்கள். பின் அத்தசைமேட்டை விரல் நுனியால் வட்டமாக மெல்லத் தேய்த்துவிடுங்கள். நோவு மிக்க நாளில் சீடை, முறுக்கு, கரும்பு, கடலை உருண்டை ஆகியவற்றை ஒதுக்கி, இட்லி, பொங்கல், குழைந்த சோறு உண்ணுங்கள். கன்னடத்தாரின் ராகி முத்தெ இதற்கென்றே அமைந்தது போன்றது. அதை மெல்லாமல் விழுங்குவதே முறை. கொட்டாவி வந்தால் மோவாயின் கீழ்க் கைகொடுத்துத் தாங்குங்கள். மாலை நான்கு மணிக்குப் பின் காப்பியைத் தவிருங்கள். படுக்கும் முன் கடன் கணக்கையும் ஊர்ச் சண்டையையும் பேசாதீர்கள். விடிந்தபின் பேசினாலும் அவை அங்கேயே இருக்கும்.

நம்மில் பலர் பிழைக்க வந்த ஊரில் பல்லைக் கடித்துக்கொண்டே வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். அப்பழக்கம் இரவிலும் விடாமல் தொடர்கிறது போலும். குத்தூசி சில நாள் ஆறுதல் தரும்; பல்லுறை பல்லைக் காக்கும். கடிப்பின் வேராகிய கவலையை மட்டும் வீட்டார் ஒருவருக்கொருவர் கேட்டுப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்றிரவு அருகிலிருப்பவர் பல் கடித்தால் தட்டி எழுப்பிக் கடிந்துகொள்ளாதீர்கள். காலையில், "என்ன கவலை?" என்று கேளுங்கள், பின்னர் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.